அவள் எப்போது ‘சரி’ சொன்னாள்? பெரியவர்களுக்கான சூப்பர் ஹீரோ காதல் விளையாட்டில் சம்மதத்தை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டு வரவேற்பறை. நானும் நண்பனும் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்த விளையாட்டை அவனுடைய அக்கா ஆடிக்கொண்டிருந்தார். நாயகன் மரினா பேமீது பறக்கிறான், நாயகிக்குக் கோப்பி வாங்கித் தருகிறான், வழிப்பறிக்காரனிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறான். திரை மூலையில் இதயக் குறி ஏறிக்கொண்டே போகிறது. எண்பதைத் தொட்டதும் முத்தக் காட்சி திறந்தது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, இந்தப் பொண்ணு எப்பப்பா சரின்னு சொன்னா?”

“மீட்டர் எண்பது ஆயிடுச்சேக்கா.”

“மீட்டர் உன்னுது. அவளுது எங்க?”

எங்கள் இருவருக்கும் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விளையாட்டை மூன்று முறை பிரித்துக் கட்டினோம். அப்படிக் கட்டும்போது கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வேலை முடிந்த இரவுகளில், தமிழில் கதை விளையாட்டு செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது ரென்பை. 2004இலிருந்து இருக்கும் இலவசக் கருவி, பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தால் போதும். புதிய பதிப்பையே எடுங்கள். பழையவற்றில் தமிழ்க் கொம்பு எழுத்தைவிட்டு விலகி, தனியாக எங்கோ போய் நிற்கும்.

படி 1: வயதை முதலில் பூட்டுங்கள்

இதில் விவாதமே இல்லை. காதல் பாதைக்குள் வரும் ஒவ்வொரு பாத்திரமும் பெரியவர். அதை ஒரு எண்ணாக எழுதிவைத்துவிட்டு மறப்பது போதாது. வேலை, வாடகை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பம் போட்ட கவலை, முடிந்துபோன ஒரு பழைய உறவு என்று வாழ்க்கையாகவே தெரிய வேண்டும். எங்கள் நாயகி நிழலிக்கு 29 வயது, இரவுப் பணி பார்க்கும் ஆம்புலன்ஸ் ஊழியர். பள்ளிச் சீருடை, ‘பார்த்தால் சின்னப் பெண், ஆனால் நூறு வயதுத் தேவதை’ போன்ற தந்திரங்கள் எதுவும் எங்கள் மேசைக்கு வராது. படம் வரைபவரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 2: இதய மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டில் தோழர்களுக்குப் பரிசு கொடுத்தால் அவர்களின் மதிப்பீட்டு எண் ஏறும். 2016இன் ‘ஸ்டார்டியூ வேலி’யில் வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம், எட்டு இதயம் சேர்ந்ததும் பூங்கொத்து நீட்டலாம், பத்தானதும் கல்யாணம் கேட்கலாம். நான் இரண்டையும் ஆசையாக ஆடியவன். பண்ணை விளையாட்டில் தக்காளியும் காதலும் ஒரே மாதிரி விளைவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கான நெருக்கமான கதையை அதே அச்சில் வார்த்தால், எதிரில் இருப்பவர் ஆள் என்பது போய் உண்டியல் ஆகிவிடுகிறார். காசு போடு, போடு, நிறைந்ததும் உடை.

தொல்காப்பியத்தில் இதற்குச் சரியான பெயர் இருக்கிறது. இருவரும் ஒத்த அன்பு ஐந்திணை, ஒருவர் பக்கம் மட்டும் இருப்பது கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை. கைக்கிளையைச் சொல்லும்போது ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’ என்கிறது. பதில் வராமலே தான் பேசித் தானே மகிழ்வது. இதய மீட்டர் விளையாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் விவரித்துவிட முடியாது. பெருந்திணையின் கணக்கில் ‘மிக்க காமத்து மிடல்’ வருகிறது, அதாவது வலிமையால் வற்புறுத்துவது. மடலேறுதலும் அங்கேதான் இருக்கிறது. பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியத் தெருவில் வந்து, பெண் வீட்டாரை நெருக்கடிக்குள் தள்ளும் அந்தக் காரியத்தைச் சூப்பர் ஹீரோ பாணியில் யோசித்துப் பாருங்கள். நூறு கேமராக்கள் முன்னால், பறந்து வந்து, முழங்காலிட்டு, ‘என்னைக் காதலிக்கிறாயா?’ நாங்கள் எழுதிய முதல் வரைவில் அப்படியே ஒரு காட்சி இருந்தது. மகா காதல் காட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆக, நாம் கட்ட வேண்டியது அந்த எதிர்ச்சொல், அதாவது அவளுடைய பதில். இனி வரும் படிகள் எல்லாம் அதற்கான வேலைதான்.

படி 3: ஒரு எண்ணை நான்காகப் பிரியுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாங்கள் வைத்திருப்பவை இவை.

நம்பிக்கை: மெல்ல ஏறும் எண். ஒரே பொய்யில் சரியும்.

ஈர்ப்பு: இதுவும் எண்தான். ஆனால் ஆட்டக்காரர் என்ன செய்தாலும் சிலரிடம் இது பூச்சியமாகவே இருக்கும். எங்கள் குழுவில் ‘இரும்பி’ என்ற வீராங்கனைக்கு நாயகன்மீது அந்த மாதிரி ஆர்வமே கிடையாது. எத்தனை பரிசு கொடுத்தாலும் நல்ல தோழிதான். சோதித்தவர்களில் பாதிப் பேர் அவளைத்தான் அதிகம் ரசித்தார்கள்.

இன்றைய நிலை: எண் வேண்டாம், சொல்லாக வையுங்கள். களைப்பு, உற்சாகம், துக்கம், பணியில் இருக்கிறாள். விளையாட்டுக்குள் ஒவ்வொரு நாளும் மாறும்.

பேசி வைத்தது: இருவரும் வாய்விட்டுப் பேசிய விஷயங்கள். கைபிடிப்பது சரி, வேலையிடத்தில் வேண்டாம், அம்மாவுக்கு இன்னும் தெரியக் கூடாது.

முக்கியமான விதி: ‘சம்மதம்’ என்ற பெயரில் ஒரு மாறியே (நிரலில் மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) இருக்கக் கூடாது. ஒருமுறை ‘ஆம்’ என்று சேமித்துவிட்டால், விளையாட்டு முடியும்வரை அது ஆம்தான். சம்மதத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டு, இந்த நான்கையும் பார்த்துப் பதிலைக் கணக்கிட்டு, காட்சி முடிந்ததும் தூக்கி எறியுங்கள். எங்கள் பதில் கணக்கு ஏறத்தாழ இப்படி:

வல்லமையின் தாக்கம் அவள்மேல் இருக்கிறதா? அப்படியானால் கேள்வியே எழாது.
அவனைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியது தெரியுமா? தெரியாவிட்டால் கேள்வியே எழாது.
இன்றைய நிலை களைப்போ துக்கமோ? ‘இன்னிக்கு வேண்டாம்.’
பேசி வைத்ததற்கு எதிரானதா? ‘அன்னைக்கே சொன்னேன்ல.’
இவை எல்லாம் தாண்டிய பிறகே நம்பிக்கை, ஈர்ப்பு எண்கள்.

வரிசை மாறவே கூடாது. எண்களை முதலில் கூட்டி, மற்றவற்றை மைனஸ் மதிப்பெண்ணாகக் கழித்தால், நம்பிக்கை 100 இருக்கும் ஆட்டக்காரர் அவளுடைய களைப்பை வென்றுவிடுவார். தடைகள் கழிவுகள் இல்லை, கதவுகள். ஒன்று சாத்தியிருந்தாலும் உள்ளே போக முடியாது.

ரென்பையில் செய்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இந்த மாறிகளை ‘டிஃபால்ட்’ (default) கட்டளை கொண்டு அறிவியுங்கள். ‘டிஃபைன்’ (define) கொண்டு அறிவித்தவை சேமிப்புக் கோப்பில் போய்ச் சேராது. எங்களுக்கு ஒரு வாரம் போனது இதில். சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் நிழலி எல்லாச் சண்டையையும் மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

படி 4: வல்லமைகளை ஒவ்வொன்றாக விசாரியுங்கள்

சாதாரணக் காதல் விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் சுவரை உடைக்கும் கை இருந்தால், மனத்தைப் படிக்கும் கண் இருந்தால், ‘சரி’ என்ற சொல்லுக்கு என்ன எடை?

எங்களுக்கு உதவியது சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. எளிய மொழியில் சொன்னால், காயம் நேரும் என்ற பயத்தில் கொடுத்த சம்மதமோ, உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்ததோ, எதிராளிக்கு அது தெரிந்திருந்தால் அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால், சம்மதமாகாது. மனநலக் குறைவாலோ, போதையாலோ, வேறு ஏதாவது பொருளின் தாக்கத்தாலோ தான் எதற்கு ஒப்புகிறோம் என்றே புரியாத நிலையில் கொடுத்ததும் ஆகாது. சட்டம் எழுதியவர்கள் முகமூடி வீரர்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் பயம், தவறான புரிதல், தாக்கம் என்ற மூன்று வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் வல்லமைப் பட்டியலை வைத்துக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள்.

மனத்தைக் கட்டுப்படுத்துவது: நம்மூர்ப் பெயர் வசியம். நாயகன் பாதையில் இது இருக்கவே கூடாது. வில்லனிடம் இருக்கலாம், ஆனால் அது காதல் காட்சியாக இல்லாமல் குற்றமாகக் கதைக்குள் வர வேண்டும். நாயகனின் குரலுக்கே தெரியாத்தனமாக மயக்கும் தன்மை இருந்தால்? எங்கள் விதி: அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து விளையாட்டுக் கணக்கில் மூன்று நாள், நெருக்கம் தொடர்பான எந்தத் தெரிவும் திரையில் வராது. மங்கலாகக்கூடக் காட்டாதீர்கள். மங்கலாகக் காட்டினால் ஆட்டக்காரர் அதைத் திறக்கத்தான் வழி தேடுவார்.

மனத்தைப் படிப்பது: நுணுக்கமான சிக்கல் இது. நிழலியின் மனத்தில் ‘இவன் அழகா இருக்கான்’ என்று ஓடுகிறது, நாயகன் அதைக் கேட்டுவிடுகிறான். அது ஆசையா, சம்மதமா? மனத்தில் ஆயிரம் ஓடும். பேருந்தில் எதிரில் இருப்பவரின் கேக்கைப் பிடுங்கிச் சாப்பிடலாமா என்றுகூட எனக்கு ஓடியிருக்கிறது. அதனால் மனக்குமிழில் வரும் எதையும் தெரிவுகளைத் திறக்கும் சாவியாக வைக்காதீர்கள். வாயிலிருந்து வந்தது மட்டுமே கணக்கு. அதோடு படிப்பதற்கே அனுமதி வேண்டும். எங்கள் நாயகன் “உள்ள வரட்டுமா?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் நுழைந்து பிடிபட்டால் நம்பிக்கை பாதியாகும்.

பிடிபடுவது எப்படி? இரும்புக்கை மாயாவியை நினைத்துப் பாருங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுவதும் மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் தெரியும். எவ்வளவு நேர்மையான வல்லமை! ஒவ்வொரு வல்லமைக்கும் எதிராளி கண்ணுக்குத் தெரியும் ஓர் ‘இரும்புக்கை’ வையுங்கள். எங்கள் நாயகன் மனத்தைப் படிக்கும்போது அவன் காதோரம் நீலமாக ஒளிரும். அவளுக்கும் தெரியும், ஆட்டக்காரருக்கும் தெரியும்.

உருமாற்றம், முகமூடி: கௌதமர் உருவில் இந்திரன் அகலிகையிடம் வந்த கதை நமக்குப் பழக்கம்தான். விக்கிரமாதித்தன் கதையில் கூடு விட்டுக் கூடு பாய்வதும் அப்படியே. முகமூடி வீரனை அவள் காதலிக்கிறாள், ஆனால் அவன் தன்னோடு வேலை பார்க்கும் ஆள் என்பது அவளுக்குத் தெரியாது என்றால், அவள் யாருக்குச் ‘சரி’ சொல்கிறாள்? நாங்கள் கோடு போட்டோம். முகமூடியோடு பேசலாம், நடக்கலாம், அவள் கேட்டால் தூக்கிக்கொண்டு பறக்கலாம். அதைத் தாண்டுவதற்கு முன் முகம் தெரிய வேண்டும். முகம் காட்டும் காட்சியில் அவள் கோபப்பட்டு எழுந்து போகவும் வழி இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பாதையில் நிழலி எழுந்து போய், இரண்டு வாரம் பேசுவதில்லை. அந்த இரண்டு வாரத்தையும் முழுதாக எழுதினோம்.

அசுர பலம்: தள்ளிவிட முடியாத ஒருவரிடம் ‘வேண்டாம்’ சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! இதை வசனத்தைவிடப் படத்தில் சரிசெய்யலாம். அவன் முதலில் உட்காரட்டும். அறைக் கதவு அவள் பக்கம் இருக்கட்டும். எங்கள் ஓவியர் பின்னணியை ஒருமுறை கண்ணாடிபோல் இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான், காட்சியின் இறுக்கம் போய்விட்டது.

காப்பாற்றிய கடன்: எல்லா ஹீரோக் கதைகளிலும் மீட்புக்குப் பிறகு அணைப்பு வரும். எங்கள் விளையாட்டில் மீட்பு ஈர்ப்பில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. மூன்று நாள் எந்தக் கேள்வியும் கிடையாது. நன்றிக்கடனில் இருப்பவரால் மறுக்க முடியாது என்பது திருமண மண்டபத்தில் மாமாவுக்காக மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

குழுத் தலைவரும் கீழே இருப்பவரும்: அவளுடைய பணி அட்டவணை அவன் கையில் இருந்தால், முதலில் வேறொருவரிடம் அட்டவணையை ஒப்படைக்கும் காட்சி வேண்டும். சுருக்கமாக முடித்துவிடலாம்.

படி 5: ஆட்டக்காரரின் வல்லமையை மறந்துவிடாதீர்கள்

ஹீரோவுக்கு என்ன வல்லமை வைத்தாலும், ஆட்டக்காரரிடம் அதைவிடப் பெரியது ஒன்று உண்டு: காலத்தைப் பின்னோக்கித் திருப்புவது. ரென்பையில் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் போதும், முந்தைய வரிக்குப் போய்விடலாம். அவள் ‘வேண்டாம்’ என்கிறாள், உருட்டு, வேறு வசனம் எடு. மறுபடியும் ‘வேண்டாம்’, உருட்டு. நான்காவது வசனத்தில் ‘சரி’. அவளுக்கு இது முதல் தடவை. இவருக்கு நான்காவது.

இதைத் தடுக்க முதலில் எங்களுக்குத் தோன்றியது பின்னோக்கிப் போவதையே நிறுத்திவிடுவது. செய்தும் பார்த்தோம். தவறி அழுத்தியவர்கள், பார்வை மங்கியவர்கள், பேருந்தில் குலுங்கிக்கொண்டே ஆடியவர்கள் எல்லோரும் திட்டினார்கள். நியாயம்தான். திருட்டுக்குப் பயந்து வீட்டுக்கே கதவு வைக்காத கதை அது.

பிறகு கண்டுபிடித்த வழி எளிமையானது. பதில் அந்த நொடியின் வசனத்தைப் பொறுத்து மாறாதபடி எழுதுங்கள். அவள் இன்று களைப்பாக இருக்கிறாள் என்பது காலையிலேயே முடிவாகிவிட்டது. நான்கு விதமாகக் கேட்டாலும் நான்கு விதமான ‘வேண்டாம்’ வரும், பூட்டைத் திறக்கும் மந்திர வசனம் என்று எதுவும் கிடையாது. தற்செயல் எண் பயன்படுத்துவதானால் ரென்பையின் சொந்தத் தற்செயல் வசதியையே பயன்படுத்துங்கள். பின்னோக்கிப் போய் வந்தாலும் அது அதே எண்ணைத்தான் தரும்.

இன்னொரு குறும்பும் செய்தோம். எங்கள் துணைப் பாத்திரம் ஒருவனுக்கு உண்மையிலேயே காலம் திருப்பும் வல்லமை. அவன் தன் பழைய காதலியிடம் ஒரே கேள்வியைப் பதினொரு தடவை கேட்டு, பன்னிரண்டாம் தடவை ‘சரி’ வாங்கியவன். கதையின் நடுவில் அதை அவளிடம் ஒப்புக்கொள்கிறான். ஆட்டக்காரரைக் குறை சொல்லும் ஒரு வரிகூட அங்கே இல்லை. ஆனால் அந்தக் காட்சியில் எல்லோரும் மவுஸ் சக்கரத்திலிருந்து விரலை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: தமிழில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

‘எனக்கு உன் சம்மதம் வேண்டும்’ என்று எழுதினால் திருமணப் பதிவகத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. வேற்று மொழி விளையாட்டுகளிலிருந்து வசனத்தைப் பெயர்த்தால் இப்படித்தான் விறைத்துப்போகும். தமிழில் அனுமதி கேட்க வேறு வாசல் இருக்கிறது: ‘ட்டுமா’. “பக்கத்துல உக்காரட்டுமா?” “கையப் பிடிச்சுக்கட்டுமா?” “கிளம்பட்டுமா, இல்ல இருக்கட்டுமா?” முடிவை எதிராளி கையில் கொடுத்துவிடும் விகுதி அது. ‘லாமா’ வேறு. “போகலாமா?” என்பது இருவரையும் சேர்த்துக்கொண்டு அழைக்கிறது, அதில் மெல்லிய இழுப்பு இருக்கிறது. எங்கள் விளையாட்டில் புதிய நெருக்கம் ஒவ்வொன்றும் முதல்முறை ‘ட்டுமா’வில்தான் கேட்கப்படும். பழகிய பிறகு ‘லாமா’ வரும். இந்த மாற்றத்தை யாரும் கவனித்துச் சொன்னதில்லை, ஆனால் வசனம் உறுத்தவில்லை என்றார்கள்.

அப்புறம் நீங்கள், நீ. தமிழ்க் காதலில் முதல் தொடுகை கையில் நடப்பதில்லை, இந்தச் சொல்லில் நடக்கிறது. “நீன்னு கூப்பிடட்டுமா?” என்ற ஒரு வரிக்கு நாங்கள் தனிக் காட்சியே வைத்தோம். அவள் “இப்ப வேணாம், நீங்கன்னே இருக்கட்டும்” என்றால் அது பேசி வைத்ததில் சேரும், அதற்குப் பிறகு வரும் வசனம் எல்லாம் மரியாதை வடிவில் வரும். ஒரு எச்சரிக்கை: பிரதிப்பெயரை மட்டும் மாறியாக வைத்தால் போதாது. ‘நீ வந்தாய்’, ‘நீங்கள் வந்தீர்கள்’ என வினைமுற்றும் மாறுவதால் வசனத்தை இரண்டு முறை முழுதாக எழுத வேண்டியிருக்கும். குறுக்கு வழி தேடினோம், இல்லை.

பதில் வாங்குவதிலும் நம் மொழிக்குச் சில பள்ளங்கள் உண்டு. ‘மௌனம் சம்மதம்’ என்ற சொலவடையை உங்கள் விளையாட்டிலிருந்து வெளியேற்றுங்கள். எங்களிடம் அமைதி என்பது தனியொரு பதில். அது வந்தால் அடுத்த தெரிவாக ‘பேச்சை மாற்று’, ‘என்னாச்சுன்னு கேளு’ இரண்டு மட்டும் வரும். “சரி” என்ற சொல்லும் வழுக்கும். “சரி…” என்று இழுத்தால் சலிப்பு, “சரி சரி” என்றால் பேச்சை முடி, “ம், சரி!” என்றால்தான் மகிழ்ச்சி. எழுத்தில் இந்த ராகம் தெரியாது என்பதால், உண்மையான சம்மதத்தில் அவளிடமிருந்து ஒரு செயலும் சேர்ந்து வரட்டும். அவளே நகர்ந்து உட்காருகிறாள், அவளே விளக்கைத் தணிக்கிறாள்.

நம் ஆட்கள் மறுக்கும்போது ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்தவே மாட்டார்கள். “பார்ப்போம்.” “நாளைக்குக் காலைல ஷிப்ட்.” “அம்மா தேடுவாங்க.” “பசிக்குதுல்ல?” இவை எல்லாமே மறுப்புத்தான். ஆட்டக்காரர் இதைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும், புரியாமல் தொடர்ந்தால் அவள் நேரடியாகச் சொல்ல வேண்டும். விரட்டி விரட்டிப் போனால் கடைசியில் சிரித்துவிடுவாள் என்று சொல்லித்தந்த எத்தனையோ சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விளையாட்டு அந்தச் சிரிப்பைக் கொடுக்காவிட்டால் போதும்.

படி 7: ‘வேண்டாம்’ பாதைக்கு அதிகம் செலவழியுங்கள்

பெரும்பாலான விளையாட்டுகளில் மறுப்பு வந்தால் ஒரு வாடிய முகம், ஒரு சோக இசை, அத்தோடு சரி. அப்படியிருந்தால் ஆட்டக்காரருக்கு அது தோல்வியாகத்தான் தெரியும், சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஆடுவார். எங்கள் மூன்றாம் வடிவத்தில் மறுப்புக்குப் பிறகு இரவு இரண்டு மணிக்கு இருவரும் பிராட்டா (பரோட்டா) சாப்பிடப் போகிறார்கள். நிழலி தன் முதல் ஆம்புலன்ஸ் அழைப்பைப் பற்றிப் பேசுகிறாள். விளையாட்டின் சிறந்த வசனம் அங்கேதான் இருக்கிறது, சம்மதப் பாதையில் அது கிடைக்கவே கிடைக்காது. எழுத்தில் எண்ணினால் மறுப்புப் பாதை மற்றதைவிட நீளம்.

அவள் மறுத்ததற்காக நம்பிக்கை குறையக் கூடாது. நாகரிகமாக ஏற்றுக்கொண்டதற்காக ஏறவும் கூடாது. இரண்டாவது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அப்படி ஏற்றினால், ‘வேண்டாம்’ வாங்கிச் சேர்த்துப் புள்ளியெடுக்கும் ஆட்டமாகிவிடும். ஒரு சோதனையாளர் அதையே செய்தார், மூன்றே நாளில்.

படி 8: ‘சரி’க்குப் பிறகும் கேள்வி உண்டு

காட்சியின் நடுவில் அவள் நிறுத்தலாம். அதற்குக் குறைந்தது இரண்டு இடமாவது வைத்து, நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதேபோல் அவளே கேட்கும் காட்சிகளும் வேண்டும், ஆட்டக்காரர் மறுக்கவும் வழி வேண்டும். ஆண் நாயகன் மறுத்தால் கேலி செய்யும் வசனத்தை எங்கள் முதல் வரைவில் நாங்களே எழுதியிருந்தோம். வெட்கம்தான்.

கதை கல்யாணத்தில் முடிந்தாலும் பதில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கட்டும். சிங்கப்பூரில் மனைவிமீதான பலாத்காரத்துக்குக் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2020 ஜனவரி 1 முதல் நீங்கிவிட்டது. சட்டமே தாலிக்குப் பின்னும் கேட்கச் சொல்லும்போது விளையாட்டு மட்டும் மீட்டரை நூறில் பூட்டிவைப்பது அழகில்லை. பிரிவதற்கும் இரு பக்கமும் வழி வையுங்கள்.

படி 9: ஆட்டக்காரரிடமும் கேளுங்கள்

முதல் திரையிலேயே கதையில் என்னென்ன வரும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வசியம் செய்யும் வில்லன் வருகிறான், கடத்தல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: முழுதாக, திரை மறைவில், வேண்டவே வேண்டாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்றுக் கதை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ தெரிந்திருக்கும். சங்கடமாக இருந்தால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சி நகரும். அதையே ஒரு விசையில் வைத்தோம். அழுத்தினால் திரை மங்கி அடுத்த நாள் காலைக்குப் போகும், கதை எதையும் இழக்காது.

குரல் கொடுப்பவர்களிடம் காட்சியை முழுதாகக் காட்டிய பிறகே ஒப்பந்தம் போடுங்கள். தெரிந்தவர் முகத்தை வைத்துப் பாத்திரம் வரையாதீர்கள். அந்தரங்கப் படங்களைப் பரப்புவது பற்றிய இங்குள்ள சட்டம், மாற்றியமைத்த படங்களையும் விட்டுவைப்பதில்லை.

படி 10: வெளியிடுமுன்

2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில் ஒரு பெண்ணுக்கும் வேற்றுலகப் பெண்ணுக்கும் இடையிலான நெருக்கக் காட்சிக்காகச் சிங்கப்பூரில் தடை வந்தது, சில நாளிலேயே எம்18 முத்திரையோடு தடை நீங்கியது. 2008 ஏப்ரலில் விளையாட்டுகளுக்கான வகைப்படுத்தல் முறை நடைமுறைக்கு வந்தது. எம்18 என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். இப்போது இது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. ஆபாசப் பொருளைப் பரப்புவது தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் மனத்தில் வையுங்கள். நாங்கள் எல்லா நெருக்கக் காட்சியையும் கதவு சாத்துவதோடு முடித்துவிட்டோம். பயம் ஒரு காரணம்தான், கதவு சாத்தும் முன் நடக்கும் பேச்சுதான் எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது என்பது இன்னொன்று. உங்கள் காட்சிகள் அதைத் தாண்டிப் போவதானால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இணையக் கடைகளும் மனம் மாறும். 2025 ஜூலையில் பணம் செலுத்தும் நிறுவனங்களின் நெருக்குதலால் ‘இட்ச்’ தளம் வயதுவந்தோர் விளையாட்டுகளைத் தேடலிலிருந்து மறைத்தது. ‘ஸ்டீம்’ தளமும் விதியை இறுக்கியது. ஒரே கடையை நம்பி ஆண்டுக் கணக்கு போடாதீர்கள்.

படி 11: அக்காவிடம் கொடுங்கள்

ரென்பையில் வசனங்களை மட்டும் தனிக் கோப்பாக எடுக்கலாம். அதில் நாயகியின் வரிகளை மட்டும் பிரித்து, முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். அவளுக்கு ஒரு கதை இருக்கிறதா, அல்லது ‘ஓ’, ‘அப்படியா’, ‘நன்றி’ மட்டும்தானா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து, வேண்டுமென்றே மோசமாக ஆடும் ஒருவரைப் பிடியுங்கள். பரிசைக் குவிப்பவர், ஒரே கேள்வியை இருபது தடவை அழுத்துபவர். அவரால் நெருக்கக் காட்சியைத் திறக்க முடிந்தால், எங்கோ ஒரு கதவைக் கழிவாக எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக, ஆடி முடித்தவர்களிடம் ‘பிடித்ததா?’ என்று கேட்காமல் ‘அவள் எப்போது சரி சொன்னாள்?’ என்று கேளுங்கள். காட்சியைச் சுட்டிச் சொல்ல முடிந்தால் தேறியது.

எங்கள் மூன்றாம் வடிவத்தை அதே வரவேற்பறையில் அக்கா ஆடினார். நிழலி அன்று இரவுப் பணி முடித்து வந்திருந்தாள். “உள்ள வரட்டுமா?” என்று நாயகன் கேட்டான். “பசிக்குதுல்ல?” என்றாள் அவள். அக்கா சக்கரத்தை உருட்டவில்லை. இருவரும் பிராட்டாக் கடைக்குப் போனார்கள், பேசினார்கள், ரொம்ப நேரம் பேசினார்கள். அக்கா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்:

“இந்தக் கடை எந்த பிளாக்குல இருக்கு?”